டெனர் குரலைப் பாதியில் இழக்க வைக்கும் தவறுகள்

கனமான வேடத்தைக் காலத்துக்கு முன்பே ஏற்பதுதான் ஆபெரா என்ற இசை நாடகத்தில் பாடும் டெனர்கள், அதாவது உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள், செய்யும் பெரிய தவறு. 25 வயதில் மேல் ‘சி’ என்ற உச்ச சுரம் நன்றாகப் பேசிவிட்டால், சுற்றி இருப்பவர்கள் “காலாஃப் பாடலாமே” என்று ஏற்றிவிடத் தொடங்குவார்கள். எட்டுவது வேறு, தாங்குவது வேறு. புச்சினியின் ‘டூராண்டாட்’டில் காலாஃப் பாடும் ‘நெஸ்ஸுன் டோர்மா’ சுமார் மூன்று நிமிடப் பாட்டு. அதன் உச்ச ‘பி’, அச்சில் ஒரு சிட்டிகை நீளமே உள்ள சுரம். தனியாகப் பாடினால் எத்தனையோ இளைஞர்களுக்கு வந்துவிடும். ஆனால் அது மூன்றாம் அங்கத்தில் வருகிறது. அதற்குள் இரண்டாம் அங்கத்தின் விடுகதைக் காட்சியில், பெரிய வாத்தியக் குழுவோடும் கோரஸோடும் மல்லுக்கட்டி முடித்திருக்க வேண்டும்.

ஒரு வேடத்தை எடைபோடும்போது உச்ச சுரத்தை விட்டுவிடுங்கள். நடு ‘சி’க்கு மேலே உள்ள ‘ஈ’ முதல் ‘ஜி’ வரையிலான பகுதியைப் பாருங்கள். இத்தாலியர்கள் பாஸாஜ்ஜோ என்று சொல்லும் இந்தக் கணவாயில்தான் குரல் தன் பிடியை மாற்றிக்கொள்கிறது. பேச்சுக் குரலின் கனத்தோடே இதைக் கடக்க முயன்றால் குரல்வளை மேலே ஏறும், பாட்டு கத்தலாகும். எத்தனை பக்கங்கள் அங்கேயே தங்குகின்றன, அப்போது பித்தளை வாத்தியங்கள் ஒலிக்கின்றனவா என்று இசை ஏட்டில் பென்சிலால் குறித்துப் பார்த்தால் வேடத்தின் உண்மையான எடை தெரியும்.

வாத்தியக் குழுவை முண்டி மேலெழ நினைப்பது இதோடு ஒட்டிய தவறு. குழுவின் ஒலி சுமார் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக மெலியும். பயின்ற ஆண் குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கணீர் உண்டு. மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை போவது அதுதான். தொண்டையை இறுக்கினால் அந்தக் கணீர் வராது, மூச்சழுத்தம்தான் ஏறும். மேல் ‘சி’யில் குரல் நாண்கள் நொடிக்கு 523 முறை மோதுகின்றன. அழுத்தத்தோடு மோதினால் வீங்கும். வீக்கம் முதலில் சத்தமான சுரங்களில் தெரியாது. மேலே மெல்லப் பாடும்போது, சுரம் பிறக்குமுன் வெறும் காற்று கசிகிறதா என்று தினமும் காலையில் சோதிக்க வேண்டும்.

மோட்சார்ட்டின் டமீனோ, ஃபெர்ராண்டோ, டோனிசெட்டியின் நெமொரீனோ, பிறகு ‘லா டிராவியாட்டா’வின் ஆல்ஃப்ரேடோ, ‘லா போஹெம்’மின் ரொடோல்ஃபோ, குரல் முதிர்ந்த பின் கவரடோசி. லேசான வேடத்திலிருந்து கனமானதை நோக்கிப் போகும் இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மிகக் கனமான வேடங்களான ஒட்டெல்லோவும் டிரிஸ்டனும் பெரும்பாலான டெனர்களுக்கு எப்போதுமே வேண்டாம். ப்ளாசிடோ டொமிங்கோ 1975-இல் 34 வயதில் ஒட்டெல்லோ பாடியதைக் காட்டி வாதிடுவார்கள், அது விதிவிலக்கு. அல்ஃப்ரேடோ க்ராவுஸ் தன் குரலுக்கு ஒத்த சில வேடங்களோடு நின்றுகொண்டு 70 வயதிலும் பாடினார். இத்தாலியப் பாணியில் தேர்ந்த கார்லோ பெர்கோன்ஸியே 75 வயதில், 2000-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒட்டெல்லோவைத் தொட்டு, இரண்டு அங்கங்களோடு விலக வேண்டியதாயிற்று. அவர் 1948-இல் பாரிட்டோனாக (டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரல்) தொடங்கி, 1951-இல் டெனராக மாறியவர் என்பதையும் நினைவில் வைக்கலாம்: குரல் வகையை அவசரமாக முத்திரை குத்துவதும் தவறே.

ஆடிஷனில், முழு வேடத்தையும் பாட முடியாத ஆபெராவிலிருந்து ஆரியா (தனிப்பாட்டு) எடுக்காதீர்கள். கேட்பவர்கள் அந்த வேடத்தையே தந்துவிடுவார்கள். முதல் ஆரியா, காலை 10 மணிக்கும் வரக்கூடியதாக இருக்கட்டும். பியானோ கலைஞருக்குத் தரும் பிரதியில் வெட்டுகளைத் தெளிவாகக் குறித்திருக்க வேண்டும்.

கச்சேரி மேடையை ஓய்வாக நினைப்பவர்களும் உண்டு. பாஹின் ‘மத்தேயு பாஷன்’ சுவிசேஷகர், ஏறக்குறைய மூன்று மணி நேரப் படைப்பின் கதையை முழுவதும் சுமக்கிறார். அதுவும் உயரமான இடத்தில், சொல் சொல்லாக. பழைய வாத்தியங்களோடு பாடினால் ‘ஏ’ சுரம் 415 ஹெர்ட்ஸில் நிற்கும், நவீனக் குழுவில் 440-இல். அரைச் சுரம் மாறும்போது தசைக்குப் பழகிய கணவாயும் இடம் மாறும். அதே வாரம் வெர்டியின் கனமான ‘ரெக்வியெம்’ ஒப்புக்கொள்ளக் கூடாது. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் ஆபத்து வேறு: முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஆறிய குரலோடு அணிவகுப்புப் பாட்டுக்கு எழ வேண்டும். இரண்டாம் பகுதிக்குப் பிறகு மேடையேற முடியுமா என்று நடத்துநரிடம் முன்பே கேளுங்கள்.

ஒத்திகை தோறும் முழுக்குரலில் பாடுவது வீண் செலவு. நடத்துநரிடம் சொல்லிவிட்டு, உச்ச சுரங்களை ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாம். கிசுகிசுக்கக் கூடாது, மூச்சின் பிடியும் தளரக் கூடாது.

உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பாடுவது மிகக் கெட்ட பழக்கம். அது இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. நாணில் இரத்தக்கசிவு நேரும் வாய்ப்பு கூடுகிறது. ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தை மறைக்கும், காயத்தை ஆற்றாது. பாதியில் குரல் சட்டென்று போனால் அங்கேயே நிறுத்தி, பேச்சையும் விட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாணைக் கருவியால் பார்க்கச் சொல்ல வேண்டும். விருந்தினர் ஒப்பந்தங்களில் ஊதியம் பெரும்பாலும் பாடிய இரவுக்கு மட்டுமே என்பதால்தான் பலர் காய்ச்சலோடும் மேடையேறுகிறார்கள். கையெழுத்திடும்போதே ஒத்திகை வாரங்களுக்கும் தங்குமிடத்துக்கும் தொகை எழுதி வாங்கியிருந்தால், ஓர் இரவை விட்டுக்கொடுப்பது அவ்வளவு வலிக்காது. பாட முடியாது என்று தெரிந்ததும் காலையிலேயே அரங்குக்குச் சொல்லிவிடுங்கள். மாற்று டெனர் வேறு ஊரிலிருந்து ரயிலேறி வர வேண்டியிருக்கும்.