கொம்பியூட்டர் ஓடவில்லையா? போட்டைக் குற்றம் சொல்ல முன்னர்

கொழும்பிலிருந்து கூரியரில் ஒவ்வொன்றாகச் சாமான் எடுப்பித்து, வீடியோ பார்த்து வீட்டிலேயே கொம்பியூட்டர் பூட்டுகிற பிள்ளைகள் திருகோணமலையில் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல விசயம்தான். ஆனால் எல்லாம் பூட்டி முடித்து பட்டனை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால், அடுத்த அரை மணித்தியாலத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். "போட் அடிச்சிட்டு" என்று யாராவது தீர்ப்புச் சொல்வார். போட் என்றால் எல்லாச் சாமானும் ஏறும் மதர்போட், அது பழுதாகிவிட்டதாம். உடனே ராமை (மெமரியை) கழற்றுவார்கள், சி.பி.யு.வை (புரொசஸரை) கழற்றுவார்கள், பக்கத்து வீட்டுப் பவர் சப்ளையைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். புதிதாகப் பூட்டியது ஓடாததற்குப் பெரும்பாலும் சரியாக ஏறாத ஒரு வயரோ, பாதி இறங்கிய ராமோதான் காரணம். நல்ல சாமான் பழுதாவது அதற்குப் பிறகு நடக்கும் இந்தக் கழற்றலில்தான்.

முதலில் "ஓடவில்லை" என்றால் என்ன என்று பிரித்துப் பாருங்கள். பட்டனை அழுத்தியும் ஒரு ஃபேன்கூட அசையவில்லையா? ஃபேன் சுற்றி லைட் எரிந்தும் மொனிட்டரில் படம் இல்லையா? ஒன் ஆகி, நின்று, திரும்ப ஒன் ஆகிறதா? மூன்றும் மூன்று வருத்தம். பயோஸ் திரை (ஒன் ஆனதும் போட் காட்டும் முதல் திரை) வந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் அது நாலாவது கதை. அதற்கு ராமில் கை வைக்காமல், விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி.யையும், எதிலிருந்து அதைத் தேடுவது என்ற பூட் வரிசையையும் பாருங்கள்.

ஒன்றுமே அசையவில்லை என்றால்

பவர் சப்ளையின் பின்பக்கச் சிறிய சுவிட்ச் ஒன்னில் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம், கடைக்கு வருகிற கேசிங்குகளிலும் இது நடக்கும். அடுத்து சுவர்ப் பிளக். நகரத்துப் பழைய வீடுகளில் இன்னும் உருண்டை ஊசிப் பிளக் பொயின்ட்கள் இருக்கின்றன. அதில் அடப்டர், அடப்டருக்குள் மல்டி பிளக், அதற்குள் கொம்பியூட்டர் என்று தொங்கவிட்டால் எங்காவது ஒரு இடம் லூசாகத்தான் இருக்கும். அதே இடத்தில் ஒரு மேசை லைட்டைக் குத்திப் பாருங்கள்.

பிறகு கேசிங்கின் முன்பட்டன். அதிலிருந்து வரும் மெல்லிய இரண்டு வயரும் போட்டின் கீழ்மூலையில் எந்த ஊசிகளில் ஏறவேண்டும் என்பது போட்டோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கண்மதிப்பில் குத்துவது பெரிய பிழை. சந்தேகம் என்றால் அந்த வயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்கு உரிய இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுவிடுங்கள். ஓடினால் பழுது முன்பட்டனிலோ வயரிலோதான். பக்கத்து ஊசிகளைச் சேர்த்துத் தொடாமல் இருந்தால் சரி.

பேப்பர் கிளிப்பால் போட்டுக்குப் போகும் 24 ஊசி பிளக்கின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து பவர் சப்ளையைச் சோதிக்கலாம். அந்தப் பிளக்கைப் போட்டிலிருந்து கழற்றிய பிறகுதான். ஃபேன் சுற்றினால் அது ஒன் ஆகிறது என்று மட்டும்தான் அர்த்தம், பாரம் தாங்கும் என்று அல்ல. பவர் சப்ளையின் பெட்டியைக் கழற்றிப் பார்க்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும்.

ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை

அதிகம் பேர் மாட்டுப்படுவது இங்கேதான். ஃபேன் சுற்றினால் சி.பி.யு.வுக்கும் கரண்ட் போகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. சி.பி.யு.வுக்கென்று போட்டின் மேல்மூலையில் தனியாக ஒரு 8 ஊசி பிளக் இருக்கிறது. அது ஏறாவிட்டாலும் ஃபேன்களும் வண்ண லைட்டுகளும் கலியாண வீடு மாதிரி ஜொலிக்கும். கிராபிக்ஸ் காட்டுக்கான 8 ஊசி பிளக்கும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரித்தான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் மாறி இருக்கும். இடக்கு முடக்காக நிற்கும் பிளக்கை அமுக்கி ஏற்ற வேண்டாம். சரியான பிளக் அவ்வளவு பலம் கேட்காது.

இதிலும் மோசமான பிழை ஒன்று உண்டு. கழற்றிப் பூட்டுகிற மொடியூலர் பவர் சப்ளைக்கு வேறு பவர் சப்ளையின் கேபிளைப் பாவிப்பது. பிளக் அழகாக ஏறும். ஆனால் பவர் சப்ளைப் பக்கத்து ஊசி வரிசை கொம்பனிக்குக் கொம்பனி, சிலவேளை ஒரே கொம்பனியின் மொடலுக்கு மொடல் மாறும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் படம் எல்லாம் சேர்த்துவைத்த ஹாட் டிஸ்க் அந்த நொடியே முடிந்தது.

மொனிட்டர் கேபிள் எங்கே குத்தியிருக்கிறது? கிராபிக்ஸ் காட் இருந்தால் அதில்தான் குத்தவேண்டும். இன்டெல்லில் 12400எஃப் மாதிரி 'எஃப்' போட்ட சி.பி.யு.க்களிலும், ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 போன்றவற்றிலும் படம் தரும் பகுதியே இல்லை, போட்டின் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் விடியும்வரை குத்தி வைத்தாலும் ஒன்றும் வராது.

ராம் இரண்டு இருந்தால், நாலு ஸ்லொட் போட்டில் வழக்கமாக சி.பி.யு.விலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடவேண்டும். க்ளிக் என்று கேட்கும்வரை, இரண்டு முனையிலும். ஒரு பக்கம் மட்டும் இறங்கிய ராம் வெளிப்பார்வைக்குச் சரியாகவே தெரியும். புதிய வகை ராமான டி.டி.ஆர்.5 என்றால் இன்னொரு பொறுமை வேண்டும்: முதல்முறை ஒன் ஆகும்போது போட் ராமைப் பழக்கிக்கொள்ளும், அதற்குச் சில நிமிடம் இருட்டுத் திரையாகவே இருக்கும். முக்கியமாக புதிய ரைசன்கள் ஏறும் ஏ.எம்.5 போட்டுகளில். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் திரும்பவும் முதலிலிருந்து. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

இப்போதைய போட்டுகள் பலவற்றில் சி.பி.யு., டி.ராம் (ராம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் என்று நாலு குட்டி லைட் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பாருங்கள். சி.பி.யு. லைட் அணையாமல் நின்றால் ஊசி வளைந்திருக்கலாம், அல்லது போட்டுக்குள் இருக்கும் மென்பொருளான பயோஸ் பழசாக இருக்கலாம். ரைசன் 5000 வந்தது 2020 நவம்பரில். அதற்கு முன் தயாரித்துப் பெட்டியிலேயே கிடந்த பி450 வகைப் போட்டுக்கு அந்த சி.பி.யு.வை அடையாளம் தெரியாது. போட் பழுதில்லை, பயோஸ் அப்டேட்தான் வேண்டும். கரண்ட் போனாலும் ஓடவைக்கும் யூ.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம், பாதியில் நின்றால் போட் கெட்டுவிடலாம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதைப் பார்த்தோம்தானே.

ஒன் ஆகி ஒன் ஆகி நிற்கிறது என்றால் போட்டுக்கு அடியில் பாருங்கள். கேசிங்கில் போட்டைத் தாங்க முன்பே பூட்டியிருந்த ஒரு பித்தளைக் கால், ஓட்டை இல்லாத இடத்தில் போட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

எதைச் சோதித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போட், சி.பி.யு., கூலர், ஒரு ராம், பவர் சப்ளை, படத்துக்குத் தேவையென்றால் கிராபிக்ஸ் காட். இவ்வளவையும் போட்டின் காட்போட் பெட்டிக்கு மேல் வைத்தே ஓட்டலாம். நாலு சாமானை ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால், எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

நம்முடைய ஊர்க் காற்று

திருக்கடலூர், வீரநகர், நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் ஒரு எதிரி. பழைய ராமின் பொன்னிறக் கால்களில் மங்கலாகப் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் துணியில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். பெற்றோல், சென்ட், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று வரண்டிருக்கும், உடம்பில் தேங்கும் நிலைமின் சாமானைப் பழுதாக்கலாம். மெத்தைக்கு மேல் வைத்துப் பூட்டாமல், சாமானைத் தொடமுன் கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேசிங்கில் புறங்கையை வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம் வருகிறதா? எர்த் இல்லை. இரண்டு ஊசி அடப்டரில் குத்தியிருப்பீர்கள், அல்லது வீட்டில் எர்த் வயரே அறுந்திருக்கும். அந்த நிலையில் கேபிள் டி.வி. இணைந்த டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. குத்தினால் ஓட்டை எரிந்துவிடலாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், கொம்பியூட்டர்காரரை அல்ல.

இவ்வளவும் பார்த்தும் ஓடாவிட்டால் வாரண்டிக்கு அனுப்பத்தான் வேண்டும். பில்லையும் பெட்டியையும் எறியாதீர்கள். இன்டெல், ஏ.எம்.5 போட்டுகளில் சி.பி.யு. ஏறும் சொக்கெட்டை மூடி வந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எறியவே எறியாதீர்கள். அது இல்லாமல் போன போட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலும், வளைத்தது நீங்கள்தான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடுவதற்கு முன் சொக்கெட்டைக் கிட்ட வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.