ஆன்பான்: பூரணம் பிதுங்காமல் செய்ய ஒரு குறிப்பு

டோக்கியோவின் கிமுராயா கடையில் 1874-ஆம் ஆண்டு உருவாகி, மறு ஆண்டே பேரரசர் மெய்ஜிக்குப் படைக்கப்பட்ட ஆன்பான் என்னும் இனிப்புப் பன்னை வீட்டில் செய்பவர்கள், மாவைவிடப் பூரணத்தில்தான் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிவப்பு அசுகி பயறு, விரலால் நசுக்கினால் தோலோடு மசியும் அளவுக்கு வெந்த பிறகே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் பயறு சரியாக வேகாமல் நின்றுவிடும். 200 கிராம் பயற்றுக்கு 160 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். கரண்டியால் வாணலியின் அடியில் கோடு இழுத்தால், அது உடனே மூடிக்கொள்ளாமல் சில நொடிகள் நிற்பதே சரியான பதம். ஆறும்போது பூரணம் மேலும் இறுகும் என்பதால், அதற்குமேல் வற்றவிட வேண்டாம்.

ஈஸ்ட் சேர்த்துப் பொங்கிய மாவை 45 கிராம் உருண்டைகளாக்கி, நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் தட்டி, நன்கு ஆறிய பூரணத்தில் 40 கிராம் வைத்து மூடுங்கள். ஓரத்தில் பூரணம் துளி ஒட்டியிருந்தாலும் இணைப்பு அடுப்பில் பிரிந்துவிடும். இணைப்பு கீழே இருக்கும்படி வைத்து மீண்டும் பொங்கவிட்ட பின், எண்ணெய் தொட்ட விரலால் நடுவில் தட்டின் அடிவரை அழுத்திக் குழி செய்யுங்கள். இல்லையெனில் பூரணத்துக்கும் மேல்மாவுக்கும் இடையே வெற்றிடம் விழும். பேரரசருக்குப் படைத்த பன்னில் இருந்ததுபோல, உப்பிட்ட செர்ரிப் பூவை நீரில் அலசி அக்குழியில் வைக்கலாம். 180 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடங்களில் பன் பொன்னிறமாகிவிடும்.