மேல்க்குற்றியை முன்னே கொண்டுபோவது எது?

காலபோக அறுவடை முடிந்தால் பரந்தன் பக்கம் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகளைக் காணலாம். அடுக்கின் மேல் கட்டாமல் கிடக்கும் மூட்டையை யாரும் இழுப்பதில்லை. ஆனாலும் வண்டி வேகமெடுக்க அதுவும் கூடவே வேகமெடுக்கிறது. அதை முன்னே கொண்டுபோவது கீழ்மூட்டை கொடுக்கும் உராய்வு. உராய்வு எப்போதும் பின்னோக்கியே இருக்கும் என்று நினைத்திருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். அது எதிர்ப்பது வழுக்கலைத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒப்பமான, அதாவது உராய்வில்லாத, மேசையில் 4 கிலோ குற்றி, அதன் மேல் 2 கிலோ குற்றி. இடையே உராய்வுக் குணகம் 0.3. புவியீர்ப்பு ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) 10 மீ/செ². கீழ்க்குற்றியை 12 நியூற்றனால் கிடையாக இழுக்கிறோம்.

முதலில் இரண்டையும் தனித்தனியே வரையுங்கள். மேல்க்குற்றியில் உராய்வு முன்னோக்கி. கீழ்க்குற்றியில் அதே அளவு பின்னோக்கி. இந்தப் படத்தைத் தவிர்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டாம்.

அடுத்து, இரண்டும் சேர்ந்தே போகின்றன என்று கொள்வோம். 12 = 6 × ஆர்முடுகல்; விடை 2 மீ/செ².

இப்போது சோதனை. மேல்க்குற்றிக்குத் தேவையான உராய்வு 2 × 2 = 4 நியூற்றன். மேல்க்குற்றியின் நிறை 2 × 10 = 20 நியூற்றன்; அதைக் குணகத்தால் பெருக்கினால் கிடைக்கக்கூடிய உச்சம் 0.3 × 20 = 6 நியூற்றன். தேவை உச்சத்துக்குள் இருப்பதால் நாம் கொண்டது சரி, உராய்வு 4. இங்கேதான் பலர் 6 என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் வயலுக்கு வேண்டிய அளவுக்குத்தானே துருசைத் திறப்பார்கள்? உராய்வும் அப்படித்தான்.

இழுவையை 30 ஆக்குங்கள். சேர்ந்து போனால் ஆர்முடுகல் 5, தேவையான உராய்வு 10. அது கிடைக்காது, வழுக்கும். வழுக்கும்போதும் குணகம் 0.3 என்றே எடுத்தால் உராய்வு 6. மேல்க்குற்றிக்கு 6 ÷ 2 = 3 மீ/செ²; கீழ்க்குற்றிக்கு (30 − 6) ÷ 4 = 6 மீ/செ². மேல்க்குற்றிக்கு உராய்வு தரக்கூடிய உச்ச ஆர்முடுகல் இந்த 3 தான்; ஆகவே இரண்டும் சேர்ந்த 6 கிலோவுக்கு வழுக்காத எல்லை 6 × 3 = 18 நியூற்றன்.

அப்புறம், மேல்க்குற்றியை இழுத்தால்? கீழ்க்குற்றிக்கு உராய்வு தரக்கூடிய ஆர்முடுகல் 6 ÷ 4 = 1.5 தான். எல்லை 6 × 1.5 = 9 நியூற்றனாகப் பாதியாகிறது.

வீட்டில் கொப்பியின் மேல் தீப்பெட்டியை வைத்து, அது இருக்கும் இடத்துக்கு நேரே மேசையில் பென்சிலால் கோடு போடுங்கள். கொப்பியைச் சடாரென இழுங்கள். தீப்பெட்டி கொப்பியில் பின்தங்கும். ஆனால் மேசைக் கோட்டைப் பாருங்கள், தீப்பெட்டி அதைவிடக் கொஞ்சம் முன்னேதான் வந்திருக்கும்.