ஐஇஎல்டிஎஸ்ஸில் அரை பேண்ட் குறைந்துவிட்டதா? மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஐஇஎல்டிஎஸ் என்பது ஆங்கிலத் திறன் தேர்வு; அதில் மதிப்பெண்ணை 'பேண்ட்' என்பார்கள். அதன் பேச்சுப் பிரிவில் எனக்கு 7 வரும் என்று நம்பியிருந்தேன். வந்தது 6.5. யாரோ தப்பாகத் திருத்திவிட்டார்கள் என்ற கோபத்தில் அன்று இரவே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். போன 6.5 அப்படியே 6.5 ஆகத் திரும்பி வந்தது. கட்டிய பணம்தான் திரும்பவில்லை. நான் செய்யாமல் விட்ட வேலைகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இந்த மறுமதிப்பீட்டுக்குத் தேர்வை நடத்துபவர்கள் வைத்திருக்கும் பெயர் 'என்கொயரி ஆன் ரிசல்ட்ஸ்', சுருக்கமாக ஈஓஆர். நமக்குத் தெரிந்த மறுகூட்டல் வேறு, இது வேறு. உங்கள் விடைத்தாளையும் பேச்சுப் பதிவையும் மூத்த தேர்வாளர் ஒருவர் முதலிலிருந்து மதிப்பிடுவார். முதலில் என்ன மதிப்பெண் போடப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது.

படி 1: கணக்குப் போடுங்கள்

முக்கியமான படி இதுதான். பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

நான்கு பிரிவுகளின் சராசரியை அரை பேண்டுக்கு முழுமைப்படுத்தித்தான் மொத்த பேண்ட் வருகிறது. சராசரி .25 இல் முடிந்தால் அடுத்த அரைக்கு ஏறும்; .75 இல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏறும்.

கேட்டல் 7.5, வாசிப்பு 6.5, எழுத்து 6, பேச்சு 6.5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 26.5, சராசரி 6.625, மொத்த பேண்ட் 6.5. எழுத்து அரை பேண்ட் ஏறினால் கூட்டல் 27, சராசரி 6.75, மொத்தம் 7 ஆகிவிடும். இவர் விண்ணப்பிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதே ஆளுக்குக் கேட்டல் 7 மட்டுமே வந்திருந்தால்? கூட்டல் 26. எழுத்து அரை ஏறினாலும் 26.5 தான், மொத்தம் அதே 6.5. ஒரு முழு பேண்ட் ஏறினால்தான் 7 கிடைக்கும். அதை நம்பிப் பணம் கட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரி 'எழுத்தில் குறைந்தது 6.5' என்று பிரிவு வாரியாகக் கேட்டால் கணக்கு மாறும். அப்போது மொத்தத்தை விட்டுவிட்டு அந்த ஒரு பிரிவை மட்டும் பாருங்கள்.

படி 2: எந்தப் பிரிவு?

கேட்டலிலும் வாசிப்பிலும் தலா 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். விடை சரி அல்லது தவறு. நடுவில் எதுவும் இல்லை. அங்கே மதிப்பெண் மாறுவதற்கு இடம் குறைவு. எழுத்தும் பேச்சும் அப்படியில்லை. அவற்றை மனிதர்கள் நான்கு அளவுகோல்களை வைத்து எடைபோடுகிறார்கள். இரண்டு நல்ல தேர்வாளர்கள் அரை பேண்ட் வேறுபடுவது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் எழுத்தை மறுமதிப்பீட்டுக்குக் குறிக்கும் முன் உங்களை நீங்களே விசாரித்துப் பாருங்கள். முதல் பணியில் 150 சொல், இரண்டாவதில் 250 சொல் எட்டாமல் விட்டீர்களா? இரண்டாவது பணிக்கு இரண்டு மடங்கு எடை. அதை நேரமில்லாமல் அவசரமாக முடித்தீர்களா? கேள்வியில் இரண்டு பாகம் இருந்து ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதினீர்களா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம், சொதப்பினேன்' என்றால், மறுபடி திருத்துகிறவர் கண்ணிலும் அதே குறைதான் படும். பேச்சில் நான் மறந்தது இதைத்தான். நன்றாகச் சொன்ன பதில்கள் மட்டும் நினைவில் இருந்தன, திணறி நின்ற இடங்கள் இல்லை.

படி 3: தேதியைப் பாருங்கள்

ரிசல்ட் வந்த நாளை வைத்து எண்ணாதீர்கள். தேர்வு எழுதிய தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அந்தத் தேதி உங்கள் மதிப்பெண் படிவத்திலேயே இருக்கும்.

படி 4: விண்ணப்பம்

தேர்வுக்குப் பதிந்த கணக்குக்குள் போய் இந்த வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தேர்வு எழுதிய மையத்தைக் கேளுங்கள். வேறு மையத்துக்குப் போய்ப் பயனில்லை. பெயர், தேர்வர் எண், தேர்வுத் தேதி மூன்றையும் படிவத்தில் உள்ளபடியே எழுதி, பிரிவுகளைக் குறித்து, பணம் கட்டுங்கள். இரண்டு பிரிவில் சந்தேகம் என்றால் இரண்டையும் ஒரே தடவையில் குறித்துவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியின் கடைசித் தேதி நெருங்குகிறது என்றால், மறுமதிப்பீடு நடக்கிறது என்று சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

படி 5: காத்திருப்பு

எத்தனை பிரிவு என்பதைப் பொறுத்து 2 முதல் 21 நாள் வரை ஆகலாம். மதிப்பெண் மாறினால் புதிய படிவம் வரும், கட்டிய பணமும் திரும்ப வரும். மாறாவிட்டால் பணம் போனதுதான்.

ஐஇஎல்டிஎஸ் அல்லாத தேர்வு எழுதியவர்கள் இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டோஃபெல் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வின் மறுமதிப்பீட்டில், எடுத்துக்காட்டாக, மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு.

ஒரே பிரிவை மறுபடி எழுத நினைப்பவர்களுக்கு

கணினி வழித் தேர்வு எழுதியவர்களுக்கு 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்று ஒரு வழி இருக்கிறது. ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். எல்லா மையங்களிலும் கிடையாது. எல்லாக் கல்லூரிகளும் ஏற்பதும் இல்லை. அதற்கான கெடு, முதல் தேர்விலிருந்து 60 நாள். ஆறாவது வாரக் கடைசியில், அதாவது 42 ஆம் நாளில், மறுமதிப்பீட்டுக்குப் போட்டு, பதில் வர 21 நாள் ஆனால், அது 63 ஆம் நாள். கையில் மிச்சமிருந்த அந்த வழியும் அதற்குள் மூடியிருக்கும். விண்ணப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ரிசல்ட் வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். அன்று இரவே மட்டும் வேண்டாம்.