சீர்ப் பட்டியலுக்கு நாலு பக்கம், குழந்தைக்கு ஒரே வரி: விவாகரத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு எழுதும் ஒப்பந்தங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். திருப்பித் தர வேண்டிய நகை கிராம் கணக்கில் இருக்கும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பீரோ என்று எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டிருக்கும். கடைசியில், "குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரி. அண்டா ஒரே நாளில் கைமாறிவிடும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 18 ஆக இன்னும் 16 வருடம் இருக்கிறது. பின்னால் வரும் சண்டைகள் அந்த "அவ்வப்போது" என்ற சொல்லில்தான் முளைக்கின்றன.

அந்த வரியை ஒரு பக்கமாக்குங்கள். "ஒவ்வொரு மாதமும் 2-ஆவது, 4-ஆவது சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை வந்து அழைத்துச் செல்வார், ஞாயிறு மாலை 6 மணிக்கு அதே வாசலில் கொண்டுவந்து விடுவார்" என்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும். பொங்கல் ஒருவரிடம் என்றால் தீபாவளி மற்றவரிடம், அடுத்த வருடம் மாற்றி. காலாண்டு, அரையாண்டு, மே மாத விடுமுறையில் யாரிடம் எத்தனை நாள்? காய்ச்சல் வந்து ஒரு சனிக்கிழமை தவறினால் ஈடு எப்போது? வேலை மாற்றலாகி ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது? வீடியோ அழைப்பையும் எழுதுங்கள்: குழந்தை உடன் இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் அதனுடன் பேச வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2020-இல் சொல்லியிருக்கிறது.

இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனு போட முடியும். அதன் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் உண்மையிலேயே பேசி முடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒற்றை வரியோடு போய் நின்றால் அந்தக் கேள்வியிலேயே தடுமாற வேண்டியிருக்கும்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இனி நமக்குள் சம்பந்தமில்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரை வாங்கிப் பிரிவது இன்னும் நடக்கிறது. செல்லுபடியாகும் வழக்காறு உள்ள சில சமூகங்களைத் தவிர, சட்டத்தில் அது விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம். குழந்தையைப் பற்றி அதில் எழுதியதற்கும் நீதிமன்ற உத்தரவின் பலம் கிடையாது.

பணத்துக்கு வருவோம். "எனக்கு எதுவும் வேண்டாம், குழந்தையை மட்டும் கொடுங்கள்" என்று தாய் எழுதிக் கொடுப்பது பெருந்தன்மையாகத் தெரியும். தன் ஜீவனாம்சத்தை அவர் விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை, அதை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாலும், கேட்க மறுபடி படியேற வேண்டும்.

எல்.கே.ஜி. வயதில் நிர்ணயித்த மாதத் தொகை பத்தாம் வகுப்பிலும் அப்படியே நிற்பது அடுத்த தவறு. வருடாந்தர உயர்வை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு இரண்டையும் மாதத் தொகைக்கு வெளியே வைத்து, யார் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். கல்லூரியையும் மறக்கக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 144-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 125) உடல்நலமுள்ள மகனுக்கு 18 வயதோடு பராமரிப்பு நின்றுவிடும். பெரிய செலவு தொடங்குவதே அப்போதுதான்.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல், "கொடுக்கவே இல்லை" என்ற மனுவுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம். வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும்: 144-இன் கீழ் பாக்கியை வசூலிக்க, அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மூன்று வருடம் விட்டால் பழைய பாக்கிக்கு அந்த வழியில் வாரன்ட் கிடைக்காது.

"குழந்தையைக் காட்டவில்லை, அதனால் பணம் தரவில்லை", "பணம் தரவில்லை, அதனால் காட்டவில்லை." இரண்டுமே நீதிமன்றத்தில் எடுபடாது. இரண்டும் தனித்தனிக் கடமைகள், தனித்தனி மனுக்கள். இப்படிப் பதிலுக்குப் பதில் செய்பவரின் வாட்ஸ்அப் செய்தியே அவருக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும்.

ஐந்து வயது வரை குழந்தை தாயிடம்தான் என்று பலர் சட்டம் பேசுவார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் "சாதாரணமாக" என்றுதான் சொல்கிறது. இறுதி அளவுகோல் குழந்தையின் நலன். சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் தந்தைக்குக் கிடைத்துவிடாது. குழந்தை விவரம் தெரிந்த வயதில் இருந்தால் நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசலாம், ஆனால் அது சொல்வதே தீர்ப்பு அல்ல. சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அங்கே தெரிந்துவிடும்: எட்டு வயதுப் பிள்ளை "அவர் என்னை மனரீதியாகத் துன்புறுத்துகிறார்" என்று பேசினால், அந்த வாக்கியம் யாருடையது என்று நீதிபதிக்குப் புரியாதா?

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போன குழந்தையைத் திருப்பி விடாமல் இருப்பது, சொல்லாமல் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு ஊரில் சேர்ப்பது ஆகிய இரண்டும் மேலே சொன்ன எல்லாவற்றையும் விடக் கெடுதல். குழந்தையின் பொறுப்பைக் கேட்கும் காப்பாளர் மனுவை, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அதைச் செயற்கையாக மாற்றப் பார்ப்பவர் மீது நம்பிக்கை போய்விடும். குழந்தையை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவும் உயர் நீதிமன்றத்தில் வரலாம். வெளிநாட்டிலிருந்து மற்றவர் சம்மதம் இல்லாமல் குழந்தையுடன் சென்னைக்கு வந்துவிடுவோர், அப்படிக் கொண்டுவந்த குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980-ஆம் ஆண்டு ஹேக் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்ற தைரியத்தில் வருகிறார்கள். அமெரிக்காவில் குழந்தையை அப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது கூட்டாட்சிக் குற்றம்; திரும்பிப் போகும்போது கைதாக நேரலாம்.

குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில் கை ஓங்க, பொய்யாகப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) புகார் கொடுப்பதும் நடக்கிறது. கெடுநோக்குடன் கொடுத்தது என்று நிரூபணமானால் அந்தச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. அதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம் என்று குழந்தை அலைக்கழிக்கப்பட்டிருக்கும். உண்மையான சந்தேகம் இருந்தால் தயங்காமல் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து, வந்த நிபந்தனைக்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். உத்தரவு வந்த பிறகு சான்றிட்ட நகல் இரண்டு மூன்றாக வாங்கி, ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். சனிக்கிழமை பள்ளி வாசலில் யாருடன் அனுப்புவது என்று வகுப்பு ஆசிரியை திகைத்து நிற்காமல் இருப்பார்.