பாலத்தடி மண்ணைச் சோதிக்கும்போது துளைப் பக்கத்திலேயே நில்லுங்கள்

நிலநடுக்கத்தை ஒரு பழைய பாலம் தாங்குமா என்று கேட்டால், பலர் முதலில் தூணையும், உத்தரம் உட்காரும் பேரிங்கையும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது அடியில் என்ன மண் என்றுதான். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாதாவில் நிலம் நடுங்கியபோது ஷோவா பாலம் புத்தம் புதியது. அதிர்வு ஓய்ந்த பிறகே உத்தரங்கள் விழுந்ததாக நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். நீரில் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கிக் கூழாகி, பைல்களுக்கு (மண்ணில் ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்களுக்கு) பிடிமானமே இல்லாமல் போயிருந்தது.

நான் குஜராத்தின் கட்ச் பகுதியில் பாலங்களுக்கு மண் பரிசோதனை செய்கிறேன். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் சூரஜ்பாரி பாலம் சேதமான ஊர்ப்பக்கம். இங்கே தோண்டினால் உப்புக் களியும் வண்டல் மணலும் மாறி மாறி வரும்.

துளை போடும் இடத்திலிருந்து தொடங்குவோம். இரு பக்க அபட்மென்ட்டுக்கும் (பாலத்தின் முனையைத் தாங்கும் கரைச் சுவர்) தலா ஒன்று கட்டாயம். தூண்களுக்கு, மண் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு நெருக்கமாக. அணுகுசாலையில் துளை போட்டால் மேலே சில மீட்டர் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டி இறுக்கிய மண் இருக்கும். அதன் நல்ல எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், இயற்கை மண் அதற்குக் கீழே இருக்கிறது. பழைய வரைபடம் கிடைத்தால் பைல் எந்த ஆழம் வரை போகிறது என்று பார்த்து, அதற்கும் கீழே போங்கள். மண் வகைக்கு ஐ.எஸ். 1893 (நிலநடுக்கம் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை) தரையின் மேல் 30 மீட்டரைப் பார்ப்பதால், நான் 30 மீட்டருக்குக் குறைய மாட்டேன்.

அடுத்தது எஸ்.பி.டி., அதாவது துளைக்குள் ஒரு குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி மண்ணின் இறுக்கத்தை அளக்கும் சோதனை. எனக்கு இதுதான் உயிர்நாடி. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். குழாய் 45 செ.மீ. இறங்கும்வரை 15, 15 செ.மீ. ஆக அடிகளை எண்ணுங்கள். முதல் 15-ஐ விட்டுவிட்டு, மீதி இரண்டையும் கூட்டினால் வருவது N மதிப்பு. வழக்கமாக ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை. தளர்ந்த மணல் தட்டுப்பட்டால் 1 மீட்டருக்கு ஒன்றாக நெருக்குங்கள்.

கயிறும் சுழலும் உருளையும் வைத்து அடிக்கும் இடங்களில் உருளையில் இரண்டு சுற்றுக்கு மேல் கயிற்றைச் சுற்ற விடாதீர்கள். மூன்று சுற்று சுற்றினால் சுத்தியல் இழுபட்டே விழும், ஆற்றல் குறையும், அடி எண்ணிக்கை கூடும், தளர்ந்த மணலும் இறுகியது போலக் கணக்கில் வரும். இந்தப் பிழைக்கு நான் மிகவும் பயப்படுகிறேன், ஏனென்றால் பாலம் பாதுகாப்பானது என்று அறிக்கை சொல்லிவிடும். 75 செ.மீ. உயரத்தைக் கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஒரு ஓடைப் பாலத்தில் 9 மீட்டர் ஆழத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தபோது N மதிப்பு 5 வந்தது. அதற்கு மேல் இருந்த மணலில் 18. நான் எழுதப் போனபோது திருச்செங்கோட்டுக்கார டிரில்லர் தடுத்தார்: "மேடம், ஓட்டைல தண்ணி இறங்கிருக்கு, மணல் கீழேருந்து பொங்கிடுச்சு. இத எழுதாதீங்க." ராடுகளை வேகமாக உருவியதில் துளை நீர் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போயிருந்தது. இரண்டு மீட்டர் தள்ளிப் புதிதாகப் போட்டு, துளையில் நீரைத் தளும்பத் தளும்ப வைத்து அடித்தோம்: 17. ராட் எடுக்கும்போது மெதுவாக, நீரை நிரப்பிக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த 17-ம் போதுமானதல்ல. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, நிலநடுக்க மண்டலம் 3, 4, 5-இல் திருத்திய N மதிப்பு 5 மீட்டர் ஆழம் வரை குறைந்தது 15, 10 மீட்டருக்குக் கீழே 25 இருப்பது விரும்பத்தக்கது என்கிறது. இடைப்பட்ட ஆழத்துக்கு விகிதப்படி. அந்தப் பதிப்பில் கட்ச் மண்டலம் 5. எனவே சீட் (Seed), இத்ரிஸ் (Idriss) என்ற இரு பொறியாளர்கள் 1971-இல் தந்த எளிய முறையில், மணல் கூழாகுமா என்று முழுக் கணக்கும் போட்டோம்: நடுக்கம் மண்ணைப் பக்கவாட்டில் நழுவத் தள்ளும் வெட்டுச் சுமை ஒரு பக்கம், மணலின் தாங்குதிறன் மறு பக்கம். இதற்கு N மதிப்பைச் சுத்தியலின் ஆற்றலுக்கும் மேல்மண் அழுத்தத்துக்கும் திருத்த வேண்டும். 75 மைக்ரான் சல்லடையில் கழுவி, கடந்துபோகும் நுண்மண் எத்தனை சதவீதம் என்றும் தெரிய வேண்டும். அதனால் எஸ்.பி.டி. குழாயில் வரும் கலைந்த மணலைக்கூட வீசிவிடாதீர்கள். துளை எண், ஆழம் எழுதிய சீட்டோடு பையில் கட்டி வையுங்கள். களியில் மட்டும் மெல்லிய குழாயால் குலையாத மாதிரி எடுங்கள்.

மண் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் வெட்டு அலை வேகத்துக்கு நான் துளைக்குள் ஜியோபோன் (அதிர்வைப் பதியும் கருவி) இறக்குவேன், அல்லது தரைப்பரப்பு அலைகளை அளக்கும் மாஸ்வ் (MASW) சோதனை செய்வேன். லாரி ஓடினால் பதிவு குழம்பும், அதனால் விடியற்காலை நல்ல நேரம்.

கடைசியாக நீர்மட்டம். சுவர் சரியாமலிருக்க பென்டோனைட் களிக்கூழ் கலந்த துளையில் அன்றே அளந்தால் தவறாகக் காட்டும். துளையைச் சுத்தமாகக் கழுவி, 24 மணி நேரம் விட்டு அளங்கள். உப்போடை என்றால் கடல் ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை அளங்கள். கணக்கில் உயர்ந்த மட்டத்தை எடுங்கள். ஆற்றங்கரைச் சரிவையும் நீர்விளிம்பு வரை அளந்து வரையுங்கள். மணல் கூழானால் லேசான சரிவுகூட ஓடையை நோக்கி நழுவும், அபட்மென்ட்டையும் சேர்த்துத் தள்ளும்.