ஜிடிஓ-வில் பிஎம்டபிள்யூ வீல்

நான் வாங்கிய 2004 பான்டியாக் ஜிடிஓ-வில், பிஎம்டபிள்யூ இ46 (பழைய 3 சீரீஸ் கார்) மாடலின் 17 அங்குல அலாய் வீல்களை முன்பே மாட்டியிருந்தார்கள். நகருக்குள் ஒரு குறையும் இல்லை. ஹைவேயில் மணிக்கு 65 மைலைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் செய்து பார்த்தும் பயனில்லை.

இந்த ஜிடிஓ உண்மையில் ஆஸ்திரேலியாவில் தயாரான ஹோல்டன் மொனாரோ. அதனால்தான் போல்ட் அமைப்பு 5x120 (120 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்), பிஎம்டபிள்யூவும் அதேதான். ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) கிட்டத்தட்ட ஒன்று: இதற்கு 48 மி.மீ., அந்த வீலுக்கு 47. ஒரு மில்லிமீட்டர் வெளியே வரும், அவ்வளவுதான். இந்தக் காரில் முன் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தூணுக்கும்) இடைவெளி மிகக் குறைவு என்பதால் வெளியே வருவது நல்லதுகூட.

சிக்கல் நடுத்துளையில். பிஎம்டபிள்யூ வீலின் துளை 72.6 மி.மீ., அது உட்காரும் ஜிடிஓ ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடு அச்சுப் பகுதி) விட்டம் 69.6. அந்த 3 மி.மீ. இடைவெளியில் வீல் மையம் தவறி உட்கார்ந்திருந்தது. நான்குக்கும், அந்த இடைவெளியை நிரப்பும் அலுமினிய ஹப் ரிங் வாங்கினேன். பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், பிரேக் சூட்டை நினைத்து அதை ஒதுக்கினேன்.

ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிய பிறகே ரிங் இறங்கியது. நட்டுகளை, சக்கரம் தரையைத் தொடாத நிலையிலேயே நட்சத்திர வரிசையில் இறுக்கி, இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) முடித்தேன். ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். இப்போது 75-இலும் ஸ்டியரிங் அசையவில்லை.